கேபிள் அண்ணாச்சி பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது?

கேபிளை நிறுத்திவிட்டு இணையம் வழியாகவே டிவி பார்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் விசாரிக்கிறார்கள். மாதம் எவ்வளவு ஆகும், எவ்வளவு வேகம் வேண்டும். இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் எழுபதைத் தாண்டிய மாமியாரும் மாமனாரும் இருக்கும் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. படம் வராவிட்டால் அத்தை யாரைக் கூப்பிடுவார்?

கேபிள் இருந்தவரை அதற்குப் பதில் இருந்தது. தெருமுனையில் கேபிள் அண்ணாச்சி இருந்தார். போன் போட்டால் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார். பெட்டியைத் தட்டிப் பார்ப்பார், ஒயரைக் கழற்றி மாட்டுவார், ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தால் அதையும் சொல்வார். மாதாமாதம் பணம் வாங்க வரும்போது, "ஆச்சி, அந்த சாமி சேனல் நம்பர் மாறிட்டு" என்று நின்று சொல்லிவிட்டுப் போவார். இதெல்லாம் ஒரு வேலை என்றே அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இணையத்துக்கு மாறியபின் அந்த வேலை அப்படியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை யார் எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் நாங்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டோம். இங்கே எழுதுவதும் அதைத்தான்.

இந்த வீட்டில் டிவி வந்த கதையை மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-லேயே தொடங்கிவிட்டாலும் அதன் படம் இந்தப் பக்கம் எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, தென்மாவட்டங்களில் பல வீடுகளின் மொட்டைமாடியில் உயரமான ஆன்டெனாக்கள் ஏறின. மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, முற்றத்தில் ஒருவர் நின்று குரலை மேலே அனுப்ப, உள்ளே ஒருவர் "இப்ப தெரியுது, அப்படியே விடு" என்று கத்துவாராம். அப்புறம் தூர்தர்ஷன் இங்கும் வந்தது, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு சாயங்காலப் படம் என்று வாரத்துக்கே ஒரு ஒழுங்கு வந்தது. 1993 சித்திரை முதல் நாளில் சன் டிவி தொடங்கியது. தெருவுக்கு ஒரு டிஷ்ஷும் வீட்டுக்கு ஒரு ஒயருமாகக் கேபிள் பரவியது. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி டிவி இல்லாத வீடுகளுக்கும் போனது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது.

2019 தொடக்கத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த மாற்றம் நன்றாக நினைவிருக்கிறது. முதல் நூறு சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும், கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை, எது வேண்டும் என்று பார்ப்பவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் தெருவில் எத்தனை பேர் தாங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள்? அண்ணாச்சி ஒரு அச்சடித்த தாளோடு வீடுவீடாக வந்தார். அத்தை பார்க்கும் தொடர்கள் எந்தத் தொகுப்பில் வரும், மாமாவின் கிரிக்கெட்டுக்கு எது வேண்டும் என்று அவரே டிக் அடித்துக் கொடுத்தார். பல வீடுகளில் கையெழுத்து போட்டது மட்டும்தான் பார்ப்பவரின் பங்கு. ஆன்டெனா காலத்திலிருந்து பார்த்தால், தொழில்நுட்பம் மாறிய ஒவ்வொரு தடவையும் அந்த மாற்றத்தை யாரோ ஒரு மனிதர் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். இந்த முறைதான் அப்படி யாரும் வரவில்லை.

இணையம் எங்கள் வீட்டில் முதலில் டிவியைத் தொடவே இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், என் கணவரின் கிரிக்கெட் போனுக்குப் போனது. பிறகு பையனின் கார்ட்டூன் போனுக்குப் போனது. கூடத்து டிவி அத்தைக்கும் மாமாவுக்கும் என்றானது. ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு திரை. அது எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. 2020 ஊரடங்கில் தொடர்களின் படப்பிடிப்பு நின்று, சேனல்கள் பழைய பகுதிகளையே ஓட்டிக்கொண்டிருந்தபோது, அத்தையும் போனைக் கையில் எடுத்தார். எழுத்து தட்டத் தெரியாது. மைக்கைத் தொட்டுப் பேசினால் போதும் என்று பேத்தி காட்டிக் கொடுத்தாள். "திருச்செந்தூர் முருகன் அபிஷேகம்" என்று அவர் சத்தமாகச் சொல்லி, அது திரையில் வந்து நின்றபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் சாதாரணமானதல்ல. இணையத்தால் வயதானவர்களுக்கு நன்மை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்டது கேட்ட நேரத்தில் கிடைப்பது நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பெரிய விஷயம்.

வீட்டுக்கு ஃபைபர், அதாவது கண்ணாடி இழை வழி இணையம், இழுக்க முடிவு செய்தபோது வந்து நின்றவர் அதே அண்ணாச்சிதான்! ஊர் ஊராகக் கம்பம் ஏறி ஒயர் இழுத்தவர்கள் கேபிள்காரர்கள். யார் வீட்டுக்கு எந்தச் சந்து வழியாகப் போகவேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதனால் பிஎஸ்என்எல் உட்படப் பல நிறுவனங்களின் ஃபைபரை வீடு வரை கொண்டு சேர்ப்பவர்களும், சில ஊர்களில் மாதக் கட்டணம் வசூலிப்பவர்களும் உள்ளூர் கேபிள்காரர்களாகவே இருக்கிறார்கள். இணைப்பு எடுக்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: விளம்பரத்தில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்க்கும் முன், உங்கள் தெருவில் அந்த இணைப்பு அறுந்தால் யார் வந்து ஒட்டுவார், எத்தனை நேரத்தில் வருவார் என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விசாரியுங்கள். வேகத்தைப் பொறுத்தவரை எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தை அளக்கும் அலகு) போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. 30, 40 எம்பிபிஎஸ் திட்டத்தில் ஒரு டிவியும் இரண்டு போன்களும் தாராளமாக ஓடுகின்றன. நூறுக்கு மேல் வாங்கினால்தான் படம் தெளிவாக இருக்கும் என்பதில் உண்மை இல்லை.

டேட்டா கணக்கு வேறு. எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகலாம். நாளுக்கு ஒன்றரை ஜிபி, 2 ஜிபி தரும் போன் ரீசார்ஜை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு டிவி பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு தொடர் முடிவதற்குள் அன்றைய டேட்டா முடிந்துவிடும்.

எங்கள் வீடு பழைய காரைவீடு. சுவர் கனம். ரௌட்டர் முன்னறையில், டிவி கூடத்தில். படம் நின்று நின்று வந்தது. காரணம் இணைப்பு அல்ல, சுவர். ரௌட்டர் இரண்டு அலைவரிசைகளில் வைஃபை கொடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டச் சிரமப்படும். 2.4 சுவர் தாண்டும், வேகம் குறைவு, பக்கத்து வீடுகளின் வைஃபையோடு மோதும். இந்தப் பிரச்சினைக்கு மிக மலிவான தீர்வு ரௌட்டரிலிருந்து டிவிக்கு நேராக ஒரு லேன் ஒயர். அண்ணாச்சி சுவரோரமாக ஒட்டிக் கொடுத்துவிட்டார். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இனி சேனல்கள். மாறுவதற்கு முன்பே நாங்கள் செய்த ஒரு காரியம் மிகவும் உதவியது. ஒரு வாரம் வீட்டில் உண்மையில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தோம். பெட்டியில் இருநூறுக்கு மேல் சேனல்கள் வந்துகொண்டிருந்தன. தாளில் ஏறியது விரல் விட்டு எண்ணிவிடக் கூடியவை. அத்தைக்கு சன் டிவியும் விஜய் டிவியும், மத்தியானம் கொஞ்சம் ஜீ தமிழ், காலையில் கோயில் நிகழ்ச்சி. மாமாவுக்குச் செய்தி, கிரிக்கெட், பழைய படம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எது எந்தச் செயலியில் இருக்கிறது என்று பார்த்தோம். சன் குழுமத்துக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர், சன் நியூஸ் போன்ற செய்திச் சேனல்கள் நாள் முழுக்க யூடியூபில் நேரலையாக, இலவசமாக ஓடுகின்றன. கோயில் விழாக்கள் பலவும் அப்படித்தான். இந்தத் தாள் இல்லாமல் கடையில் சொன்ன தொகுப்பை வாங்கியிருந்தால், தொடாத நாலைந்து செயலிகளுக்குச் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருப்போம்.

சந்தா வாங்கும்போது சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். "மொபைல்" என்று பெயரில் இருக்கும் மலிவான திட்டங்கள் போனில் மட்டும்தான் ஓடும், டிவியில் ஓடாது. ஒரே நேரத்தில் எத்தனை திரை என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். யூபிஐயில் ஆட்டோபே போட்டுவிட்டால் நிறுத்தும்வரை பணம் போய்க்கொண்டே இருக்கும். யூபிஐ செயலிக்குள்ளேயே ஆட்டோபே பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து பார்த்தால் எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று தெரியும். அங்கிருந்தே நிறுத்தலாம். மொத்தத்தில் கேபிளைவிட இது மலிவு என்று நான் சொல்லமாட்டேன். இணைப்புக் கட்டணத்தையும் செயலிகளையும் கூட்டினால் அதிகம்தான். பிள்ளைகளின் படிப்புக்கும் கணவரின் வேலைக்கும் எப்படியும் இணைப்பு வேண்டும் என்பதால் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. டிவிக்காக மட்டும் ஃபைபர் எடுப்பதில் லாபம் கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் எளிது. உண்மையான பாடு ரிமோட்டில்தான் தொடங்கியது.

பழைய ரிமோட்டில் எண்கள் இருந்தன. அத்தைக்குக் கண்ணாடி இல்லாமலே, விரல் தடவியே எந்தச் சேனலுக்கும் போகத் தெரியும். புது ரிமோட்டில் எண்களே இல்லை. ஒரு வட்டம், நடுவில் ஒரு பொத்தான், ஒரு வீட்டுப் படம், ஒரு அம்புக்குறி. டிவியைப் போட்டால் நேரே படம் வருவதில்லை. செயலியைத் திறக்க வேண்டும், அது "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்கும், பெயரைத் தொட வேண்டும், பிறகு தேட வேண்டும். நடுவில் ஏதாவது அப்டேட் கேட்கும். விசையைத் தவறாகத் தொட்டால் எங்கேயோ போய் நிற்கும். திரும்பி வரும் வழி தெரியாமல், ஒன்றும் சொல்லாமல், ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவார். இதை நான் பலமுறை கவனித்தேன். தன் வீட்டில் தன் டிவியைப் போட இன்னொருவரை எதிர்பார்ப்பது ஒரு பெரிய மனுஷிக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள். வாழ்நாள் முழுக்க வீட்டை நடத்தியவர் அவர். "போட்டுத் தாம்மா" என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை, கேட்க வைக்கவும் கூடாது.

நாங்கள் செய்த மாற்றங்கள் சின்னச் சின்னவை. டிவியின் மொழியை அமைப்புகளில் போய்த் தமிழுக்கு மாற்றினோம். முகப்புத் திரையில் அவர் தொடாத செயலிகளை எல்லாம் எடுத்துவிட்டு, தேவையானவற்றை மட்டும் முதல் வரிசையில் வைத்தோம். எந்த இடத்தில் எது என்பதை மாற்றவே கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னோம். அவருக்குப் படத்தைவிட இடம்தான் அடையாளம்: "ரெண்டாவது, நம்ம விஜய் டிவி." ரிமோட்டின் வீட்டுப் பொத்தான் மேல் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. எங்கே சிக்கிக்கொண்டாலும் சிவப்புப் பொட்டைத் தொடுங்கள், முதல் இடத்துக்கு வந்துவிடும், எதுவும் கெட்டுப்போகாது என்று சொன்னோம். அந்த "எதுவும் கெட்டுப்போகாது" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வயதானவர்களின் தயக்கத்தில் பாதி, பொருளைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். மைக் பொத்தான் மேல் ஒரு பச்சைப் பொட்டு. போனில் பழகியதால் அது உடனே பிடிபட்டுவிட்டது.

இன்னொன்று ஓடிபி. முதலில் பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார்தான் தன் எண்ணில் செயலிகளை எல்லாம் ஏற்படுத்திக் கொடுத்தார். நல்ல மனசோடு செய்தது. ஆனால் செயலி ஏதோ ஒரு நாள் தானாக வெளியேறி, மறுபடி உள்ளே போக ஓடிபி கேட்கும். ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். இங்கே தொடர் போய்க்கொண்டிருக்கும். அதனால் வீட்டிலேயே இருக்கும் மாமாவின் எண்ணுக்கு எல்லாவற்றையும் மாற்றினோம். எந்தச் செயலிக்கு எந்த எண், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதை ஒரு சின்ன நோட்டில் எழுதி டிவி அலமாரியில் வைத்திருக்கிறோம். வெளியூரிலிருந்து பெற்றோருக்குச் செய்துகொடுக்கும் பிள்ளைகள் இதை முக்கியமாகக் கவனியுங்கள். பணத்தை நீங்கள் கட்டுங்கள், எண் மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும். கூடவே, வங்கிக்காரன் என்று சொல்லிக்கொண்டு யார் ஓடிபி கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிக் கொடுங்கள். டிவிக்கு ஓடிபி சொல்லிப் பழகிய வாய், அங்கேயும் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது.

நேரம் கலைந்துபோனதை நான் எதிர்பார்க்கவில்லை. அத்தையின் சாயங்காலம் தொடர்களைச் சுற்றியே கட்டப்பட்டிருந்தது. விளக்கேற்றல், அப்புறம் ஒரு தொடர், அது முடிந்தால் இட்லி ஊற்றல், அடுத்ததற்குள் மாமாவுக்குச் சாப்பாடு, ஒன்பது மணித் தொடரோடு மாத்திரை. செயலியில் எந்த நேரமும் பார்க்கலாம் என்று ஆனதும் மாத்திரை நேரம் தவற ஆரம்பித்தது. மத்தியானம் தூங்காமல் விட்ட பகுதிகளை வரிசையாகப் பார்த்தார். ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். நிறுத்த ஒரு காரணம் கிடைப்பதில்லை. செயலியில் அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டோம். மருந்துக்குத் தனியாக போனில் அலாரம் வைத்தோம்.

எதிர்வீட்டு ஆச்சிக்கும் அத்தைக்கும் முப்பது வருஷப் பழக்கம். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது முந்தைய நாள் தொடரைப் பற்றிப் பேசாமல் இருவருக்கும் பொழுது விடியாது. ஆச்சி வீட்டில் இன்னும் கேபிள். செயலியிலோ டிவியில் வருவதற்கு முன்பே ஏறிவிடும் தொடர்களும் உண்டு. அத்தை முந்திப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொல்லிவிட, ஆச்சிக்குக் கோபம். அல்லது அத்தை மூன்று நாளாகப் பார்க்காமல் வைத்திருக்க, ஆச்சி பேசத் தொடங்க, "சொல்லாதீங்க, சொல்லாதீங்க" என்று இவர் உள்ளே வந்துவிடுவார். கொஞ்ச நாளில் கோலத்து நேரப் பேச்சே குறைந்துபோனது. எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. ஒரு தொடர் போனால் போகட்டும், அந்த வயதில் பேச ஆள் போனால் என்ன செய்வது? கடைசியில் அவர்களே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒன்பது மணித் தொடரை மட்டும் இருவரும் ஒன்பது மணிக்கே பார்ப்பது. சன் நெக்ஸ்டில் சேனலின் நேரலையும் வருகிறது என்பதால் அதில் சிரமம் இல்லை. மற்றதை இஷ்டம்போல் பார்த்துக்கொள்வார்கள். சில நாள் ஆச்சி இங்கேயே வந்துவிடுகிறார். வீட்டில் ஒரு நிகழ்ச்சியையாவது எல்லாரும் ஒரே நேரத்தில் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரிடமும் சொல்வேன். எங்கள் பிள்ளைகளுக்கும் ஞாயிறு இரவு ஒரு படம், கூடத்தில், எல்லாரும் சேர்ந்து, போன்கள் அலமாரியில். எந்தப் படம் என்பதில் சண்டை வரும். அதுவும் நல்லதுதான்.

மாமாவின் கிரிக்கெட்டில் வேறு சிக்கல். இணைய நேரலை கேபிளைவிடப் பிந்தி வரும், சில சமயம் அரை நிமிடம் வரை. மைதானத்துப் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். செயலி அதில் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே ஓட்டத் தொடங்குகிறது, இல்லாவிட்டால் வழியில் தடைபட்டு நின்றுவிடும். காரணம் தெரிந்தாலும், பந்து வீச்சாளர் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே தெருவில் "அவுட்" என்று கூச்சல் கேட்டால் மாமாவுக்கு எப்படி இருக்கும்? ஆட்ட நாட்களில் போனில் ஸ்கோர் அறிவிப்பை அணைத்துவிடலாம். தெருவை அணைக்க முடியாது. முக்கியமான ஆட்டம் என்றால் மாமா ஆச்சி வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆச்சி இங்கே தொடருக்கு, மாமா அங்கே கிரிக்கெட்டுக்கு.

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது யூடியூபைப் பற்றி. கேபிளில் குப்பை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒரு சேனலுக்கு உரிமம் உண்டு, புகார் சொல்ல ஒரு இடம் உண்டு. யூடியூபில் யார் வேண்டுமானாலும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சர்க்கரை நோய்க்கு மருந்து சொல்லலாம். கூடத்து டிவியின் பெரிய திரையில் வரும்போது அத்தைக்கு அதுவும் "டிவியில சொன்னான்" ஆகிவிடுகிறது. டிவி என்றால் நாலு பேர் பார்த்துச் சரி என்று விட்டிருப்பார்கள் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறைக்கு ஊறிப்போனது. ஒரு தடவை ஒரு கஷாய வீடியோவைப் பார்த்துவிட்டு இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். தடுத்து, அவருடைய டாக்டரிடமே கூட்டிப் போய்க் கேட்க வைத்தோம். நான் சொன்னால் மருமகள் பேச்சு, டாக்டர் சொன்னால் டாக்டர் பேச்சு. அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம்: உடம்பு சம்பந்தமான வீடியோ எதுவானாலும் பார்க்கலாம், ஆனால் செய்வதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை. "அதையெல்லாம் நம்பாதீங்க" என்று வெட்டிப் பேசுவதைவிட இது பலனளித்தது.

பரிந்துரைகளைச் சுத்தம் செய்வதும் ஒரு வேலை. ஒரே கணக்கில் எல்லாரும் பார்த்தால் பேத்தியின் பொம்மைப் படமும் மாமாவின் அரசியல் விவாதமும் அத்தையின் சஷ்டி கவசமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அத்தைக்கு, மாமாவுக்கு, பிள்ளைகளுக்கு என்று தனித்தனிக் கணக்கு வைத்தோம். பிள்ளைகளுடையது சிறுவர் கணக்கு, அதிலிருந்து வெளியே வர பின் எண் கேட்கும். வாரத்துக்கு ஒரு தடவை அத்தையின் பக்கத்தைத் திறந்து, பயமுறுத்தும் தலைப்புப் படங்களோடு வரும் சேனல்களின் மேல் நடுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, அந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுவேன். சில வாரங்களில் பக்கம் கோயிலும் சமையலும் பழைய பாட்டுமாக மாறிவிட்டது. பார்வை வரலாற்றை அவ்வப்போது பார்ப்பதும் நல்லது. வேவு பார்ப்பது போல் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து "இது என்ன அத்தை, நல்லா இருந்துச்சா?" என்று கேட்டே பார்க்கலாம்.

மின்சாரம் போனால் டிவியும் ரௌட்டரும் சேர்ந்தே போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரௌட்டரின் பிளக் அந்த இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் வாங்கி வைக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அப்போது எங்கள் தெருவில் மின்சாரம், கேபிள், இணையம், போன் டவர் என ஒவ்வொன்றாகப் போனது. மாமாவின் பழைய பேட்டரி ரேடியோ ஒன்றுதான் மிச்சம். அதனால் எவ்வளவு வேகமான ஃபைபர் வந்தாலும் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்றை வீட்டில் வைத்திருக்கச் சொல்வேன். வீட்டு இணையம் ஒரு நிறுவனம் என்றால் போன் சிம் இன்னொரு நிறுவனமாக இருப்பதும் நல்லது.

எல்லா வீட்டுக்கும் இந்த மாற்றம் ஏற்றது என்று நான் நினைக்கவில்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், பக்கத்தில் சிக்கலைத் தீர்க்கும் ஆள் இல்லாவிட்டால், கேபிளை வெட்டாதீர்கள். பிள்ளைகள் ஆசையாக ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விடுகிறார்கள். அது சுவரில் கறுப்பாகத் தொங்குகிறது. அந்த டிவியிலேயே கேபிள் பெட்டியையும் மாட்டி, ஆன் செய்தால் நேரே கேபிளில் தொடங்கும்படி அமைப்புகளில் மாற்றிவிடலாம். இணையம் வேண்டும்போது மட்டும் அங்கே போகட்டும். மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும், பிறகு செலவில்லை. தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எதிர்வீட்டு ஆச்சியின் மகன் துபாயிலிருந்து போன மாதம் என்னிடம் போனில் பேசினார். அம்மாவுக்கும் கேபிளை நிறுத்திவிட்டு இணையம் போட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆச்சி தனியாக இருக்கிறார், கண்ணும் அவ்வளவாகத் தெரியவில்லை, எண் ரிமோட் அவருக்கு விரலில் இருக்கிறது. இணைப்பு வேண்டுமானால் உங்களோடு வீடியோவில் பேசுவதற்காகப் போடுங்கள், கேபிள் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். அண்ணாச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு ஆச்சியின் மகன் வரும்போது இணைப்பு இழுத்து, ரிமோட்டில் பொட்டு வைக்கும் வேலையை என் மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.